எச்-இண்டெக்ஸ் 14-ஆ, 4-ஆ? அக்காவின் ஆய்வுக் கணக்கு குழப்புகிறது, உதவுங்கள்

காசிமேடு_தம்பி (செவ்வாய், இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் உதவிப் பேராசிரியர். ஒன்பது வருடமாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வருகிறார். இப்போது பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி கொடுத்த படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: எச்-இண்டெக்ஸ் (எத்தனை கட்டுரைகள், அவற்றுக்கு எத்தனை மேற்கோள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணாம்), மொத்த சைட்டேஷன் (மற்றக் கட்டுரைகள் இவருடையதை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), மொத்த இம்பாக்ட் ஃபேக்டர். கட்டுரைகளின் பெயரை எழுதக்கூட இடம் இல்லை. மூன்று எண்களை மட்டும் கேட்கிறார்கள்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 14 என்று காட்டுகிறது. ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 4. அக்காவுக்கு முகமே விழுந்துவிட்டது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். ஒரே ஆளின் பேரேட்டில் இரண்டு பாக்கி வந்தால் எங்கோ பதிவு தவறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஆய்வு உலகத்தின் கணக்கு எனக்குத் தெரியாது. எதை எழுதுவது? வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.


பெரம்பூர்_நூலகர் (செவ்வாய், இரவு 11.15)

தம்பி, 14-ஐ எழுதிவிடாதீர்கள். 4-ஐயும் எழுதாதீர்கள். இரண்டும் தவறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் ஒரு மருத்துவ நூலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்த டாக்டர்கள் ஏராளம்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் அக்கா எத்தனை பெயரில் எழுதியிருக்கிறார்? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல், அப்படித்தானே? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியிருப்பார்கள், அது மூன்றாவது பெயர்.

பப்மெட் போன்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர், பிறகு முதலெழுத்து என்ற வரிசையில் அமைந்தவை. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கே. லட்சுமி என்று ஒருவர் எழுதினால் ஒரு ஜர்னல் லட்சுமி கே என்று போடும். இன்னொரு ஜர்னல் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, லட்சுமியை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். அங்கேயே ஒருவர் இருவராகிவிடுகிறார். இதற்கு நேர்மாறாக, லட்சுமி கே என்ற பெயரில் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் கூகுள் ஸ்காலரில் உங்கள் அக்கா கணக்கில் வந்து விழும். ஸ்காலர் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதியோடு இயங்குகிறது. அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்தி, ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்த பிறகுதான் சேர வேண்டும் என்று மாற்ற முடியும். பலர் அதைச் செய்வதில்லை.

நாளை ஒரு வேலை செய்யுங்கள். ஸ்காலர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தலைப்பாகப் படியுங்கள். அக்கா பக்கத்தில் இருக்கட்டும். அவர் எழுதாததை நீக்குங்கள். ஸ்கோபஸில் அவருடைய எல்லாப் பெயர்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஆசிரியர் பெயரைத் தேடச் சந்தா தேவையில்லை. அப்புறம், ஆர்கிட் எண் இருக்கிறதா? ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரும் 16 இலக்க அடையாள எண், 2012-இல் இருந்து கொடுக்கிறார்கள், இலவசம். இல்லையென்றால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஆதார் அட்டை போல அது வேண்டும் என்பது என் கருத்து.


காசிமேடு_தம்பி (புதன், இரவு 11.50)

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஆகியிருக்கிறது. ஸ்காலரில் 61 தலைப்புகள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார், நான் டிக் போட்டேன். 'இது நான் இல்லை' என்று அவர் சொன்னவற்றில் நெல் உமிச் சாம்பல் பற்றி ஒன்று, பல் அடைக்கும் சிமெண்ட் பற்றி நான்கு, மீன் பண்ணைத் தண்ணீரைப் பற்றி ஒரு வரிசை. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் ஐந்தில் மூன்று அவருடையதே இல்லை. எல்லாவற்றையும் நீக்கியபின் 23 மிஞ்சின. அதிலும் மாநாட்டுச் சுருக்கங்கள், எம்.டி. ஆய்வேடு எல்லாம் சேர்த்திதான். எச்-இண்டெக்ஸ் 14-இல் இருந்து 8-க்கு இறங்கியது.

ஸ்கோபஸில் அக்கா இரண்டு பேராக இருக்கிறார். அப்பா இனிஷியலில் 4 கட்டுரைகள், மேற்கோள்கள் 31, 12, 9, 4. மாமா இனிஷியலில் 8 கட்டுரைகள், மேற்கோள்கள் 58, 19, 7, 6, 4, 2, 1, 0. இரண்டு பக்கத்திலும் எச்-இண்டெக்ஸ் 4 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் மொத்தம் 8-ஆ? ஸ்காலரும் 8 என்கிறதே, அதனால் கேட்கிறேன்.


கொருக்குப்பேட்டை_புள்ளியியல் (வியாழன், காலை 6.20)

இரண்டு 8-ம் ஒத்துப்போவது தற்செயல். எச்-இண்டெக்ஸைக் கூட்டக் கூடாது. கையால் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பன்னிரண்டு கட்டுரைகளையும் ஒரே வரிசையில் பெரியதில் இருந்து சிறியதாக எழுதுங்கள்: 58, 31, 19, 12, 9, 7, 6, 4, 4, 2, 1, 0. இப்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறைவிட அதிகம், சரி. ஏழாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், ஏழுக்குக் குறைவு. அங்கே நிறுத்துங்கள். எச்-இண்டெக்ஸ் 6. குறைந்தது 6 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 6 இருக்கின்றன என்று பொருள். மொத்த மேற்கோள் 153. குறைந்தது 10 மேற்கோள் பெற்றவை 4, கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 எண் இந்த வகைதான்.

ஆக, ஒருவரை இரண்டாகப் பிரித்ததால் 6 என்பது 4 ஆகிவிட்டது. ஸ்கோபஸுக்கு இரண்டு பக்கங்களையும் இணைக்கச் சொல்லி வேண்டுகோள் அனுப்பலாம், அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது.

ஸ்காலர் 8, ஸ்கோபஸ் 6 என்று மிச்சமிருக்கிற வித்தியாசத்தில் தவறு எதுவும் இல்லை. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளுக்குள் மட்டும் எண்ணுகிறது. ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள், அச்சுக்கு முந்தைய பிரதி என்று இணையத்தில் கிடைப்பதை எல்லாம் எண்ணுகிறது. எந்த எண்ணை எழுதினாலும் எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்த அளவீட்டை 2005-இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருந்தவர். அதன் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை விட்டுப் பத்து வருடம் ஆனவருக்கும் பழைய கட்டுரைகள் மேற்கோள் வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் 30 வருடம் எழுதியவரோடு 9 வருடம் எழுதியவரை ஒப்பிட்டால் இளையவர் தோற்றுப்போவார். இதற்கு ஹிர்ஷே அதே கட்டுரையில் ஒரு வழி சொன்னார்: முதல் கட்டுரை வந்ததிலிருந்து எத்தனை வருடமோ அதால் வகுக்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு 6-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.67. பிரசவ விடுப்பு எடுத்த வருடங்களை அந்தக் கணக்கு கழிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


வியாசர்பாடி_ஆய்வுமாணவி (வியாழன், காலை 9.05)

அந்த 'மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்' கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிகிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கு உரிய எண். கடந்த இரண்டு வருடங்களில் ஒரு ஜர்னல் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் வந்தது என்று பார்த்து, அதை அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் சயன்ஸ் இதழில் எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்று பட்டியலிடும் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை எழுதினார். 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. அந்தத் தரவிலிருந்து வந்த இம்பாக்ட் ஃபேக்டர், நூலகங்கள் எந்த ஜர்னலை வாங்குவது என்று முடிவு செய்ய உதவியது. எழுதியவருக்கு மார்க் போட இதைப் பயன்படுத்துவது சரியில்லை.

ஏன் என்றால் ஒரு ஜர்னலுக்குள் மேற்கோள்கள் சமமாகப் பரவுவதே இல்லை. நாலைந்து கட்டுரைகள் பெருவாரியாக வாங்கும், மற்றவை சொற்பமாக வாங்கும். பெர் செக்லன் 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத்தான் விளக்கமாக எழுதினார். சி.ஏ. என்ற புற்றுநோய் ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 200-ஐத் தாண்டியிருக்கிறது. காரணம், அதில் வருடாவருடம் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டுகிறது. அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரைக்கும் அந்த 200 சொந்தமாகுமா? அதைவிட மோசம், அந்த எண்களைக் கூட்டுவது. தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டின் சராசரி வருமானத்தைக் கூட்டி என் சம்பளம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இந்தக் கட்டத்தால் நான் பட்ட கஷ்டத்தையும் சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருடம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மதிப்புக்குரிய பேராசிரியர் என்று அழைத்து, இம்பாக்ட் ஃபேக்டர் 5-க்கு மேல், பத்து நாளில் வெளியாகும் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அவசரம். ஸ்டைபண்டில் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கட்டினேன். ஆறாவது நாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மதிப்பாய்வாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அட்டவணையில் ஒரு கட்டத்தில் சதவீதம் 100-ஐத் தாண்டியிருந்தது, பிறகு நானே பார்த்துக் கண்டுபிடித்தேன். அதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. அந்த எண்ணும் அவர்களாக எங்கோ வாங்கிப் போட்டுக்கொண்டது. கட்டுரையைத் திரும்பப் பெற இன்னும் போராடுகிறேன். 2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு மருந்துக் கட்டுரையை 304 ஜர்னல்களுக்கு அனுப்பி, அதில் 157 ஏற்றுக்கொண்டதைச் சயன்ஸ் இதழில் எழுதினார். அதை நான் முன்பே படித்திருக்க வேண்டும்.

தம்பி, உங்கள் அக்காவின் 12 கட்டுரைகளில் அவர் முதல் ஆசிரியராக எழுதியவை எத்தனை? அதைச் சொல்லுங்கள். எண்ணைவிட அது முக்கியம்.


காசிமேடு_தம்பி (வியாழன், மதியம் 1.30)

ஐந்து கட்டுரைகளில் அவர் முதல் ஆசிரியர். இன்று மதிய உணவு நேரத்தில் போனில் கேட்டேன். ஒரு விஷயம் எனக்கு மனதை உறுத்துகிறது.

58 மேற்கோள் வாங்கிய கட்டுரையில் 23 ஆசிரியர்கள். அக்கா ஒன்பதாவது. பல ஊர்களில் நடந்த ஆய்வு. இவர் மாதிரிகளை வளர்த்து முடிவுகளை அனுப்பினார். 'நான் செய்தது ஆறு மாத லேப் வேலைதான்' என்று அவரே சொல்கிறார்.

4 மேற்கோள் மட்டும் வாங்கிய ஒன்று இருக்கிறது. அது இங்கே எங்கள் பகுதியில் நடந்தது. மூன்று வருடம். மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்கு இருமல் ஆரம்பித்து எத்தனை நாள் கழித்துக் காசநோய் என்று தெரியவருகிறது என்பதுதான் கேள்வி. அக்கா அதிகாலை நான்கு மணிக்கு ஏலம் நடக்கும் இடத்துக்குப் போவார், நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். விசைப்படகில் இருந்து இறங்குபவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடை தூக்கும் பெண்கள், எல்லோரிடமும் பேசுவார். ஏலம் முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் மணி ஒன்றாகிவிடும், சளி மாதிரி வாங்குவதோ காலையில் மட்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அதுதான் தாமதத்துக்குப் பெரிய காரணம் என்று கட்டுரையில் எழுதினார். பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, டப்பாவை முந்தின நாளே கொடுத்தனுப்பி, மாலையிலும் வாங்கச் சொல்லிவிட்டார். என் தெருவிலேயே மூன்று பேர் அதற்கப்புறம்தான் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

அந்தக் கட்டுரைக்கு 4. எச்-இண்டெக்ஸ் 6-இல் அது சேர்வதே இல்லை. அதை எழுதாமலே இருந்திருந்தாலும் எண் மாறியிருக்காது. இது எனக்குப் புரியவில்லை.


ஓட்டேரி_நெஞ்சுநோய்_டாக்டர் (வியாழன், இரவு 8.45)

தம்பி, உங்கள் கடைசிப் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் காசநோய் வார்டிலேயே வாழ்க்கையைக் கழித்தவன். உங்கள் அக்கா செய்தது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஏல நேரத்தில் போய்ப் பேச எத்தனை பேருக்கு மனசு வரும்?

இந்த ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஆரம்பமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் முதலில் அதை நடத்தினார். சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், அதாவது மாதக்கணக்கில் தங்கும் மருத்துவமனை. நல்ல காற்று, படுக்கை, முட்டை, பால். நெரிசலான குடிசையில் இருக்கும் ஏழைக்கு அது எங்கே கிடைக்கும்? சென்னையின் ஏழைப் பகுதிகளில் இருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் மீதிப் பேருக்கு வீட்டிலேயும் ஒரு வருடம் ஐசோனியசிட், பாஸ் (பி.ஏ.எஸ்.) என்ற காசநோய் மருந்துகளைக் கொடுத்தார்கள். முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் தொற்று கூடுதலாக வரவில்லை என்பதைத் தொடர்ந்து கண்காணித்துக் காட்டினார்கள். உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது அதிலிருந்து வளர்ந்த வழக்கம்.

அந்த அறிக்கை 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சென்னை என்று மட்டும் இருக்கும். வீடு வீடாகப் போய் மாத்திரை எண்ணிய செவிலியர், எக்ஸ்ரே படித்தவர், கணக்குப் போட்டவர் எல்லோரும் அந்த ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள். எச்-இண்டெக்ஸ் கணக்கில் அந்தக் கட்டுரை எந்தத் தனி மனிதருக்கும் ஒரு புள்ளி சேர்க்காது. 1968-இல் செங்கல்பட்டில் ஆரம்பித்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வும் இப்படித்தான். 15 வருடம் பின்தொடர்ந்து, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1999-இல் வெளியிட்டபோதும் ஆசிரியர் இடத்தில் நிறுவனத்தின் பெயர்தான்.

அதே 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோய்க்குறியியல் மருத்துவர் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். காலராக் கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் திரவத்தை முயலின் குடலில் செலுத்தினாலும் குடல் நீரால் நிரம்புகிறது, ஆகவே கிருமி சுரக்கும் நச்சே காரணம் என்று காட்டினார். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் காலரா வார்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நெடுநாள் அந்தக் கட்டுரைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. டே 1985-இல் காலமானார். மறுவருடம் கார்ஃபீல்டே, மேலே மாணவி சொன்ன அதே கார்ஃபீல்டு, காலரா ஆய்வில் டேயின் பங்கைப் பற்றி விரிவாக எழுதினார். மேற்கோள் எண்ணும் முறையை உண்டாக்கியவரே அப்படித் திரும்பிப் பார்த்து எழுத வேண்டியிருந்தது.

உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அந்த 4 மேற்கோள் கட்டுரையை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வைக்கட்டும்.


மாதவரம்_குழு_உறுப்பினர் (வியாழன், இரவு 10.10)

டாக்டர் ஐயா சொன்னதெல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. நான் இதுபோன்ற தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவன், அங்கிருந்து பேசுகிறேன்.

ஒரே மதியத்தில் நாற்பது கோப்புகள் வரும். நுண்ணுயிரியல், மருந்தியல், உடற்கூறு எல்லாம் கலந்து. என் துறை அல்லாத கட்டுரையைப் படித்து நல்லதா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. எண் இல்லாத காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? யார் யாருடைய மாணவர், யாருக்கு யார் போன் போட்டார்கள் என்பதுதான் தகுதி. சிபாரிசுக்கு ஆள் இல்லாத, முதல் தலைமுறையாகப் படித்து வந்த பெண்ணுக்கு 'என் கட்டுரையை 31 பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்' என்று எடுத்து வைக்க ஓர் எண் இருந்தது பெரிய பலம். அப்படி உள்ளே வந்தவர்களை நான் அறிவேன். அதனால் எண்ணே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

எண்ணை ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது, நண்பர்கள் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் காட்டுவது. நல்ல வழக்கமும் உண்டு: தன்மேற்கோளைக் கழித்துவிட்டு எண்ணைக் கேட்பது. ஸ்கோபஸில் அப்படிப் பார்க்க முடியும். தம்பி, அக்காவுக்கு அதையும் எடுத்து வையுங்கள்.


கொருக்குப்பேட்டை_புள்ளியியல் (வியாழன், இரவு 10.55)

மாதவரம் சார் சொன்னதை ஏற்கிறேன். எண்ணை ஒழுங்காகப் போட்டால் எளியவருக்கு அது துணைதான். ஒழுங்காகப் போடுவதில்தான் பிரச்சினை.

வருடாவருடம் கல்லூரி வாசலில் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்களே, அந்தப் பட்டியலை உருவாக்கியது ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் அவரோடு வேலை செய்தவர்களும். 2019-இல் முதலில் வெளியிட்டார்கள். அதில் எச்-இண்டெக்ஸ் ஆறு அளவுகளில் ஒன்று மட்டுமே. கூட்டாசிரியர்கள் எத்தனை பேரோ அதற்கேற்பப் பங்கு பிரித்த ஓர் அளவும் இருக்கிறது. தனியாக எழுதியவை, முதல் ஆசிரியராக எழுதியவை, கடைசி ஆசிரியராக எழுதியவை ஆகியவற்றுக்கான மேற்கோள்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். உயிரி மருத்துவத்தில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது என்ற வழக்கம் இருப்பதால் இது பொருந்துகிறது. தன்மேற்கோளைச் சேர்த்தும் கழித்தும் இரண்டு விதமாகவும் தருகிறார்கள். இத்தனை கவனமாகச் செய்ததை ஃபிளெக்ஸில் ஒரு வரியாக்கிவிடுகிறோம்.

அக்காவின் கணக்கில் இதைச் செய்து பார்க்கலாம். 58-ஐ எடுத்துவிட்டால் மீதி மேற்கோள் 95. அதில் முதல் ஆசிரியராக எழுதிய ஐந்துக்கு எவ்வளவு என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.


வியாசர்பாடி_ஆய்வுமாணவி (வெள்ளி, காலை 7.15)

இன்னொரு கருவி இருக்கிறது, இலவசம். அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்கள் நடத்தும் ஐசைட் தளம். பப்மெட் எண்ணைப் போட்டால் அந்தக் கட்டுரைக்கு ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்று ஓர் எண் தரும். 2016-இல் வந்தது. ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளை வைத்து அதன் துறை எது என்று கண்டுபிடித்து, அதே துறையில் வருடத்துக்கு வழக்கமாக எத்தனை மேற்கோள் வரும் என்பதோடு ஒப்பிடுகிறது. அந்தக் கழகங்களின் நிதியில் எழுதப்பட்ட கட்டுரைகளின் நடுமட்டத்தை 1 என்று வைத்திருக்கிறார்கள்.

புற்றுநோய் மரபணுத் துறையில் 30 மேற்கோள் சாதாரணம். காசநோய்க் களப்பணியில் 30 பெரிது. எச்-இண்டெக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, இதற்குத் தெரியும். சிகிச்சை ஆய்வுகளும் வழிகாட்டு நெறிகளும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தால் அதையும் தனியாகக் காட்டுகிறது. பப்மெட்டில் இல்லாத ஜர்னல் என்றால் இந்தத் தளத்தில் கிடைக்காது, அது ஒரு குறை.

குழுவுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆதாரமும் இருக்கிறது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் செல் உயிரியலாளர்கள் கூடியபோது பேசி உருவாக்கிய அறிக்கை, டோரா என்பார்கள். தனி ஆய்வாளரின் பணியை மதிப்பிட ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015-இல் நேச்சரில் வந்த லைடன் அறிக்கையில் பத்துக் கோட்பாடுகள். உள்ளூருக்கு முக்கியமான ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதில் ஒன்று. அக்காவின் காசிமேடு கட்டுரைக்கே எழுதியது போல இருக்கிறது.


காசிமேடு_தம்பி (வெள்ளி, இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை நாலு மணிக்கு அக்கா படிவத்தைக் கொடுத்துவிட்டார். என்ன எழுதினோம் என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எச்-இண்டெக்ஸ் கட்டத்தில் 6, ஸ்கோபஸ், இரண்டு பெயர்களும் சேர்த்துக் கையால் கணக்கிட்டது என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டோம். அடைப்புக்குறிக்குள் ஸ்காலர் 8. மொத்த மேற்கோள் 153, அதில் தன்மேற்கோள் 11 போக 142. இம்பாக்ட் ஃபேக்டர் கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பைத் திருப்பிவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். அதனால் கூட்டாமல், ஐந்து முதல் ஆசிரியர் கட்டுரைகளுக்கும் ஜர்னலின் எண்ணைத் தனித்தனியாக எழுதி, 'இவை ஜர்னலுக்கு உரியவை, கூட்டப்படவில்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்தோம்.

பின்னால் ஒரு பக்கம் இணைத்தோம். டாக்டர் ஐயா சொன்னது போலக் காசிமேடு கட்டுரைதான் மேலே. கேள்வி என்ன, எத்தனை பேரிடம் பேசினார், என்ன தெரிந்தது, அதற்குப் பின் மாதிரி வாங்கும் நேரம் மாறியது, எல்லாம் பத்து வரியில். 58 மேற்கோள் கட்டுரையைக் கடைசியில் வைத்து, 23 பேரில் ஒன்பதாவது ஆசிரியர், பங்களிப்பு ஆய்வகச் சோதனை என்று அக்காவே எழுதினார். அதைக் குறைத்துச் சொல்லாதே என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

ஐசைட்டில் போட்டுப் பார்த்தோம். காசிமேடு கட்டுரை பப்மெட்டில் இல்லாத ஓர் இந்திய ஜர்னலில் வந்தது, அதனால் அங்கே கிடைக்கவில்லை. 31 மேற்கோள் உள்ள முதல் ஆசிரியர் கட்டுரைக்கு 1.4 வந்தது. அதையும் எழுதினோம்.


பெரம்பூர்_நூலகர் (வெள்ளி, இரவு 10.05)

மிகவும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஸ்கோபஸ் இணைப்பு வேண்டுகோள் அனுப்பியாயிற்றா? ஆர்கிட்?


காசிமேடு_தம்பி (வெள்ளி, இரவு 10.20)

இரண்டும் ஆயிற்று ஐயா. ஆர்கிட்டில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் அப்பா இனிஷியல், மாமா இனிஷியல், பாஸ்போர்ட் பெயர் மூன்றையும் போட்டோம். டாக்டரம்மாவைக் கேட்டு நேர மாற்றத்தைப் பற்றி ஒரு கடிதம் வாங்கி வைக்கலாமா என்று அக்கா கேட்கிறார். படிவத்தைக் கொடுத்தாயிற்று, இனிமேல் சேர்க்க முடியுமா?


மாதவரம்_குழு_உறுப்பினர் (வெள்ளி, இரவு 10.40)

நேர்காணல் அன்று கையில் கொண்டுபோகட்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்தில் எத்தனை மாதிரிகள் வந்தன என்ற எண்ணிக்கை நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும், அதையும் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். குழுவில் யாராவது 4 மேற்கோள் என்று ஆரம்பித்தால் அந்தக் கடிதத்தை முதலில் நீட்டட்டும்.


காசிமேடு_தம்பி (சனி, காலை 5.50)

சரி சார். திங்கட்கிழமை நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.